பூனைக்குக் கொடுத்த பணம் எங்கே போகிறது?

பாக் நீரிணையில் விரித்த வலையில் ஆவுளியா சிக்கிக்கொண்டால், மீனவர் உடனே முடிவெடுத்தாக வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய அந்தக் கடல்பசு, வலையை அறுத்துவிடாவிட்டால் மூச்சடைத்து இறந்துவிடும்; அறுத்தாலோ வலையும் அன்றைய மீன்பாடும் போய்விடும். ஆவுளியாவை உயிரோடு விடுவிப்பவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்குவது, அந்த இழப்பு முழுவதும் ஒரு மீனவக் குடும்பத்தின் தலையிலேயே விழாமல் இருப்பதற்காகத்தான். அழியும் ஆபத்தில் உள்ள புலி, பனிச்சிறுத்தை போன்ற காட்டுப் பூனையினங்களுக்காகத் திரட்டப்படும் நிதியும், சரியாகச் செலவிடப்படும் இடங்களில், இதே முறையில்தான் வேலை செய்கிறது.

இமயமலையில் ஆடு மேய்க்கும் குடும்பம் ஒன்றின் பட்டிக்குள் பனிச்சிறுத்தை ஓர் இரவு புகுந்துவிட்டால், விடிவதற்குள் பல ஆடுகள் செத்துக் கிடக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பகுதியில் இதற்காகவே கால்நடைக் காப்பீடு நடக்கிறது. நன்கொடைப் பணத்தோடு ஊர்க்காரர்களும் தங்கள் பங்கைச் செலுத்துகிறார்கள். தங்கள் பணமும் அதில் இருப்பதால், பொய்யாக இழப்பீடு கேட்பவரை ஊரே தடுத்துவிடும் என்பது இந்த ஏற்பாட்டின் நுட்பம். மங்கோலியாவில் 1998 முதல் நடந்துவரும் திட்டம் இன்னொரு வகையைச் சேர்ந்தது. மேய்ப்பர் குடும்பத்துப் பெண்கள் செய்யும் கம்பளிப் பொருள்களுக்கு நல்ல விலையும், அப்பகுதியில் ஆண்டு முழுவதும் வேட்டை நடக்காவிட்டால் கூடுதல் தொகையும் கிடைக்கும். ஒரே ஒருவர் வேட்டையாடினாலும் கூடுதல் தொகை அனைவருக்கும் நின்றுவிடும். காவலர் எட்ட முடியாத மலைச்சரிவுகளை அக்கம்பக்கத்தாரே காக்கும்படி செய்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

சில நேரங்களில் பணம் பூனைக்கல்ல, அதன் இரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்ற பூனையினம் பெரும்பாலும் முயலைத் தின்றே வாழ்வது. முயல்கள் நோயால் மடிந்தபோது அதுவும் மடிந்தது. 2001இல் வளர்ந்த விலங்குகள் 62 மட்டுமே எஞ்சியிருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியைக் கொண்டு முயல்களைப் பெருக்கினார்கள், புதர்க்காடுகளை மீட்டார்கள், நில உடைமையாளர்களோடு ஒப்பந்தம் செய்தார்கள், வளர்ப்பகங்களில் பிறந்த குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 648ஆக உயர்ந்தது.

கொடுத்த பணம் பலன் தந்ததா என்பதை எண்ணித்தான் அறிய முடியும். காட்டில் ஒளிந்து வாழும் விலங்கை எண்ணும் முறையைக் கண்மாய் மீனைக் கொண்டு விளக்கலாம். முதல் நாள் 100 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்துப் பிடித்த 100இல் 20 மீன்களில் அடையாளம் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நம் கையில் வந்தவை என்று பொருள். ஆகவே கண்மாயில் ஏறக்குறைய 500 மீன்கள் உள்ளன. புலிக்கு அடையாளமிடத் தேவையில்லை, அதன் வரிகளே கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் தானியங்கிக் கேமராக்கள் போதும். முன்பு கால்தடங்களை வைத்தே எண்ணினார்கள். புலிகள் இருப்பதாக ஏட்டில் பதிவாகியிருந்த ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒன்றுகூட இல்லை என்பது 2005இல் தெரிந்தபோது அந்த முறையின் மீதிருந்த நம்பிக்கை உடைந்தது. கேமராக்களைப் பயன்படுத்திய 2006 கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் 1,411 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2022இல் குறைந்தது 3,167 புலிகள் இருந்தன.

புலிகள் காப்பகங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் நிதியோடு, சுற்றுலாக் கட்டணத்தை அந்தந்தக் காப்பகத்திலேயே செலவிட ஓர் அறக்கட்டளை வைக்கவும் சட்டம் வழிசெய்திருக்கிறது. தொண்டிக்கு அருகே காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: படகுக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் அந்த ஊர்க்காரர்களுக்கே வருமானமாகும்போது, காடு நிற்பதில் ஊருக்கும் ஆதாயம் இருக்கிறது.

சிறிய பூனைகளுக்கு இந்த வாய்ப்பு வாய்ப்பதில்லை. இந்தியா 2023இல் தொடங்கிய பன்னாட்டுப் பெரும்பூனைக் கூட்டமைப்புக்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.150 கோடி ஒதுக்கப்பட்டது. அது புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா என்ற ஏழுக்கானது. அலையாத்திக் காடுகளிலும் சதுப்புகளிலும் நீந்தி மீன் பிடிக்கும் மீன்பிடிப் பூனை அந்தப் பட்டியலில் இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் அது 176 இருப்பதாக 2022இல் மதிப்பிட்டார்கள். அங்கும் கேமராக்கள்தான் உதவின, உடற்புள்ளிகளே அடையாளமாயின. அதன் வாழிடங்கள் பெரும்பாலும் காப்பகங்களுக்கு வெளியே, இறால் பண்ணைகளும் வயல்களும் நெருங்கிவரும் இடங்களில் இருப்பதால், சுற்றுலாக் கட்டணம் என்று ஒன்று பிறக்கவே வழியில்லை. அங்கே நன்கொடையே பெருந்துணை.

சங்கப் புலவர்கள் வெருகு என்று பாடிய காட்டுப்பூனை, இராமநாதபுரத்துக் கண்மாய்க்கரைகளின் கோரைப் புதர்களுக்கும் ஏற்ற விலங்கு. உலக அளவில் அது அழியும் நிலையில் இல்லை. வயலில் எலிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. பகை பிறப்பது கோழி போகும் இரவில்தான். அந்தப் பகையைத் தீர்க்க அறக்கட்டளையோ வெளிநாட்டு நிதியோ தேவைப்படாது. கோழிகளைக் கவிழ்க்கும் பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லும், கூட்டுக்கு இரும்பு வலைக் கதவும் வைப்பதற்கு ஊராட்சி சிறிது பணம் ஒதுக்கினால் போதும்.