வெனீருக்கு அடியில் தெரியும் ஒட்டு

பழைய தேக்கு மேசையின் வெடிப்பை மரத்துண்டால் ஒட்டுப் போட்டு அடைத்து, மேலே புது வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி, பாலிஷும் போட்டாயிற்று. சில மாதம் கழித்து ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது, ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பு மெல்லிய பள்ளக் கோடாகத் தெரிகிறது. வெனீர் தரமில்லை என்று பலரும் சொல்வார்கள். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே, ஒட்டை இழைத்த அன்றே நடந்துவிடுகிறது.

பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒட்டுத்துண்டைப் பதித்ததும் அந்தத் தண்ணீர் இணைப்பின் இரு பக்க மரத்துக்குள்ளும் இறங்க, அந்த வரியில் மட்டும் மரம் உப்புகிறது. மறுநாளே இழைப்புளி போட்டால், உப்பிய பகுதியும் சேர்ந்து சீவப்பட்டுவிடும். கை வைத்துப் பார்த்தால் சமமாகத்தான் இருக்கும். ஈரம் வற்றி மரம் சுருங்கும்போதோ, சீவிப்போன அளவு பள்ளமாகிறது. இன்று கிடைக்கும் வெனீர் சுமார் அரை மி.மீ. கனம்தான், அடியில் உள்ள பள்ளத்தை அது மறைக்காது, அதோடு சேர்ந்து படியும். பளபளப்பான பாலிஷ் அதை இன்னும் எடுத்துக் காட்டும். ஆகவே துண்டை 1 மி.மீ. துருத்தி நிற்கும்படி ஒட்டி, குறைந்தது ஒரு வாரம் காயவிட்டுத்தான் இழைக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரம்.

துண்டு எந்த மரம் என்பதும் முக்கியம். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம்; அகலவாக்கில்தான் அசைவு. மரத்தின் ஈரம் 4 சதவீதப் புள்ளி மாறினால், 600 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, சுமார் இரண்டரை முதல் நாலரை மி.மீ. வரை விரியும் அல்லது சுருங்கும். எனவே ஒட்டுத்துண்டும் தேக்காகவே இருக்கட்டும்; நார் ஓட்டமும் ஆண்டு வளையங்களின் சாய்வும் பலகையோடு ஒத்துப்போகட்டும். பட்டி (குழி அடைக்கும் பசைக்கலவை) அடைப்பது ஆணித் துளைக்குச் சரி. பெரிய குழிக்கு வேண்டாம்: சுற்றியுள்ள மரம் அசையும்போது பட்டி அசையாது, அதன் உருவம் மேலே தெரிந்துவிடும். துண்டின் முனைகளைப் படகுபோலக் கூராக வெட்டுங்கள். நாருக்குக் குறுக்கே நேராக வெட்டிய முனை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு நிற்காது.

வெனீரின் நார் ஓட்டமும் பலகையின் நீளத்தோடே போக வேண்டும். குறுக்கே ஒட்டினால் பலகை அகலத்தில் சுருங்க, வெனீர் நீளத்தில் சுருங்க மறுத்து மேலெழும்பும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். அடிப்பக்கத்திலும் அதே கனத்தில் ஒன்று ஒட்டுவதே நல்லது. வெனீரைக் கத்தியால் சீவும்போது ஒரு முகத்தில் நுண்வெடிப்புகள் விழுகின்றன. நாரின் போக்கிலேயே வெனீரை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள்: எந்த முகம் வெளிப்புறமாக இருக்கும்போது எளிதாக வளைகிறதோ, அந்த முகம் பசைக்கு.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தால் பசை பிடிக்கும். வெள்ளைப் பசை என்றால் மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் தடித்த பலகை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கிளாம்ப் இறுக்குங்கள். பழம்பொருளாக மதிக்கத்தக்க மேசை என்றால் வச்சிரமே (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) எங்கள் தேர்வு. இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும்; கொதித்தால் அதன் வலு குறையும். பின்னாளில் வெனீரைக் கழற்ற நேர்ந்தால், சூடும் ஈரமும் கொடுத்தாலே இளகிவிடும். அடுத்துப் பழுது பார்ப்பவருக்கு இதைவிட உதவி வேறில்லை.

காய்ந்ததும் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் நார் ஓட்டத்திலேயே கூர்க்கத்தியால் ஒரு கீறல், உள்ளே கொஞ்சம் பசை, மேலே தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டி. ஆறும்வரை எடை வைத்திருங்கள். அதன்பின் 180 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றிக் கையால் மட்டும் தேயுங்கள். மெஷின் பிடித்தால் விளிம்பில் வெனீர் தேய்ந்து அடிமரம் வெளியே வந்துவிடும்.