ஏக்கிய ராஜ்ய

2018 தொடக்கம், இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நேரம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கூட்டம். பேச வந்தவர், புதிய அரசியலமைப்புக்கு முன்மொழிந்திருந்த ‘ஒருமித்த நாடு’ என்று அரை மணி நேரம் முழங்கி ஓய்ந்ததும், முன்னால் இருந்த வயல்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, சிங்களத்தில அது என்னெண்டு கிடக்கு?”

“ஏக்கிய ராஜ்ய, ஐயா.”

“பழைய சட்டத்திலயும் அதுதானே கிடந்தது?”

பேச்சாளர் சோடாவை எடுத்துக் குடித்தார்.

வேர், ‘ஒன்று’ எனப் பொருள்படும் ‘ஏக’ என்ற வடசொல். சிங்களத்தில் அது ‘ஏகீய’ ஆனது. நம் பத்திரிகைகளில் ‘ஏக்கிய’. தமிழில் புழங்கும் ‘ஐக்கியம்’ என்பதற்கும் இதே வேர்தான். ஓசை ஒட்டி நிற்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஐக்கியத்துக்குச் சிங்களத்தில் ‘எக்சத்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஐக்கிய தேசியக் கட்சியின் சிங்களப் பெயரிலேயே பார்க்கலாம். ‘ஏகீய’ என்பது அரசியலமைப்பில் அதிகார அமைப்பைக் குறிக்கும் சொல், அதிகாரம் முழுவதும் மத்தியில் என்று பொருள். பிரித்தானியர் தந்துபோன சோல்பரி அரசியல் யாப்பில் (அரசியலமைப்பில்) இப்படியொரு சொல்லே இல்லை, 1972இல்தான் ஏறியது. 1978 யாப்பின் 2ஆம் உறுப்புரையில் சிங்களத்துக்கு ‘ஏகீய’, தமிழுக்கு ‘ஒற்றையாட்சி’. அதுவரை குழப்பமில்லை.

புதிய அரசியலமைப்பு எழுதுவதற்காக 2017 செப்டெம்பரில் வந்த இடைக்கால அறிக்கை சிங்களச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு தமிழை மட்டும் மாற்றியது: ‘ஒருமித்த நாடு’. ஆங்கிலப் பிரதியிலோ மொழிபெயர்ப்பே கிடையாது, இரண்டு சொற்களையும் சாய்கோடு போட்டு எழுதிவிட்டார்கள். பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத அரசு என்று விளக்கமும் கொடுத்தார்கள். சரி, பிரிக்க முடியாதது என்பதும் ஒருமித்தது என்பதும் ஒன்றா?

‘ஒற்றை’ எண்ணிக்கை. ஒற்றையடிப் பாதை, ஒற்றைமாட்டு வண்டில். ‘ஒருமித்தல்’ மனம் பற்றியது. குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். அதுவும் ‘ஒருமித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். யார், எப்போது ஒருமித்தார்கள் என்ற கேள்வி இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாடு ஏன் ஒரே நாடாக இருக்கவேண்டும் என்பதற்கு வரைபடம் காரணமாகாது, சம்மதம்தான் காரணம் என்று அந்தச் சொல் சொல்கிறது. 1972 யாப்பை எழுதிய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இலேயே விலகிவிட்டது. அந்த யாப்பு ‘ஒற்றையாட்சி’ என்றது, ‘ஒருமித்த’ என்று சொல்லவில்லை. அந்த அளவில் அது நேர்மையான தமிழ்.

இன்னொன்றும் உண்டு. ‘ராஜ்ய’ என்றால் அரசு. அதை ‘நாடு’ ஆக்கியது இரண்டாவது நழுவல். அரசு அதிகாரம், நாடு நிலமும் சனமும்.

ஆகவே ‘ஏக்கிய ராஜ்ய’ என்பதற்குச் சரியான தமிழ் ‘ஒற்றையாட்சி அரசு’. ‘ஒருமித்த நாடு’ நல்ல சொல்தான். அதைச் சிங்களத்தில் எழுதும்போது ‘ஏகீய’ என்று எழுதமுடியாது, அவ்வளவுதான்.