குண்டூசிக்குள் முன்பே இருந்த காந்தம்

தையல் தொழில் செய்யும் வாசகி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்குவதற்காக, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை அவர் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். அதில் ஒட்டிக்கிடந்த ஊசிகள் நாளடைவில் தாமும் காந்தமாகிவிட்டன. ஒன்றை எடுத்தால் மூன்று நான்கு சேர்ந்து வருகின்றன. “இத்தனை ஊசிகளுக்குக் கொடுத்த பிறகும் அந்தக் காந்தம் கொஞ்சமும் குறையவில்லையே, அது எப்படி?” என்பது அவருடைய கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காந்தம் ஊசிகளுக்கு எதையும் கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே ஒவ்வோர் ஊசியின் உள்ளேயும் காந்தத்தன்மை நிறைந்திருந்தது. அது வெளியே தெரியாதபடி ஒடுங்கியிருந்தது, அவ்வளவுதான். அது எப்படி ஒடுங்கியிருந்தது, எதனால் வெளிப்பட்டது என்பது இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளுள் ஒன்று.

ஒத்த முனைகள் விலக்கும், எதிர் முனைகள் ஈர்க்கும், காந்தத்தை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளும் இருக்கும், மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பனவெல்லாம் பள்ளியில் படித்தவை. அணுவுக்குள்ளும் எலக்ட்ரான்கள் சிறு காந்தங்களாகவே இருக்கின்றன. அவற்றின் இந்தப் பண்புக்குத் தற்சுழற்சி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பம்பரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், நிறையையும் மின்னூட்டத்தையும் போல இதுவும் எலக்ட்ரானின் பிறவிக் குணம். பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் எதிரெதிர் இணைகளாக அமைந்து ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடுகின்றன. இரும்பின் 26 எலக்ட்ரான்களில் சில இணை சேராமல் நிற்பதால், ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தமாகிறது.

குட்டிக் காந்தங்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒரே திசையில் நிற்கவும் வேண்டும். பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று காந்த விசையால் திருப்பிக்கொள்கின்றன என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த விசை மிகமிகச் சிறியது. தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான சுமார் −273 டிகிரி செல்சியஸுக்கு, ஓரிரு டிகிரி மேலே போனாலே வெப்ப அதிர்வு அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். இரும்போ 770 டிகிரி செல்சியஸ் வரை தன் ஒழுங்கை விடுவதில்லை. இந்தப் புதிரை 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் அவிழ்த்தார். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட இரு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்கக் குவாண்டம் இயற்பியல் அனுமதிப்பதில்லை. ஆகவே ஒரே திசையில் நிற்பவை ஒன்றையொன்று ஒதுங்கியே நடமாடுகின்றன. ஒதுங்கியிருப்பதால் அவற்றின் எதிர்மின்னூட்டங்களுக்கு இடையிலான விலக்கல் ஆற்றல் குறைகிறது. இரும்பில் அந்த ஆற்றல் சேமிப்பு போதிய அளவு பெரியது என்பதால், பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் நிற்பதே அங்கே சிக்கனமான ஏற்பாடாகிறது. காந்தத்தைக் காந்தமாக நிறுத்தி வைப்பது மின் விசை என்பதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்படியானால் கடையில் வாங்கிய புதுக் குண்டூசி ஏன் இன்னொரு குண்டூசியை இழுப்பதில்லை? ஹைசன்பர்க்குக்கு முன்பே, 1907-ல், பியர் வெய்ஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இதற்குரிய விடையை ஊகித்திருந்தார். ஊசி முழுவதும் ஒரே திசையில் காந்தமாகி நின்றால், அதைச் சுற்றியுள்ள வெளியில் காந்தப்புலம் பரவும். அப்படிப் பரப்பி வைப்பதற்கு ஆற்றல் செலவாகும். பக்கத்து அணுவோடு மட்டும் பேசும் மின் விசைக்கு அந்தச் செலவு தெரியாது. ஆனால் தொலைதூரம் எட்டும் காந்த விசைக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடாக, இரும்பு தன்னைச் சிறு சிறு திட்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இவற்றை டொமைன் என்கிறார்கள். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் கோடானுகோடி அணுக்கள் ஒரே திசையைப் பார்த்து நிற்கும்; அடுத்த திட்டு வேறொரு திசையைப் பார்க்கும். ஒன்றன் காந்தத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதால் வெளியே எதுவும் தெரிவதில்லை.

இதை நெல்வயலின் பாத்திகளாக நினைத்துப் பார்க்கலாம். இரண்டு பாத்திகளுக்கு நடுவே வரப்பு இருப்பதுபோல, இரண்டு திட்டுகளுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. இரும்பில் அந்தச் சுவரின் கனம் நூற்றுக்கும் மேற்பட்ட அணு அடுக்குகள். அதற்குள் அணுக்காந்தங்கள் ஒரு திசையிலிருந்து மறு திசைக்குப் படிப்படியாகத் திரும்புகின்றன. பக்கத்து வயல்காரர் ஆண்டுதோறும் வரப்பைச் சற்றே வெட்டித் தள்ளிப் போடும் கதை கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவரும்போது ஊசிக்குள் நடப்பதும் அதுதான். அந்தக் காந்தத்தின் திசைக்கு இசைவாக நிற்கும் திட்டின் வரப்பு பக்கத்துத் திட்டுக்குள் நகர்கிறது. இசைவான திட்டுகள் விரிகின்றன, மற்றவை சுருங்குகின்றன. இதில் எந்த அணுவும் இடம் பெயர்வதில்லை. வரப்பு கடந்து போகும்போது நின்ற இடத்திலேயே திசை திரும்பிக்கொள்கிறது.

1919-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் இந்த நகர்வைக் காதால் கேட்டார். இரும்புத் துண்டின் மேல் கம்பிச்சுருளைச் சுற்றி, அதை ஒலிபெருக்கும் கருவியோடு இணைத்து, காந்தத்தை மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்தபோது சரசரவென்ற ஒலி எழுந்தது. வரப்புகள் வழுக்கிக்கொண்டு சீராக நகர்வதில்லை. இரும்புக்குள் இருக்கும் கரித்துகளிலும், படிகக் குறைகளிலும், இரும்பை ஆக்கும் நுண்படிக மணிகளின் எல்லைகளிலும் தடுக்கி நின்று, பிறகு ஒரே பாய்ச்சலாகத் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலும் கம்பிச்சுருளில் ஒரு சிறு மின்துடிப்பாகிறது. 1931-ல் அமெரிக்க இயற்பியலாளர் பிரான்சிஸ் பிட்டர் மெருகேற்றிய பரப்பின் மேல் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைத் தூவி, திட்டுகளின் எல்லைகளைக் கண்ணுக்கும் காட்டினார்.

வரப்பு எவ்வளவு எளிதாக நகரும் என்பதைப் பொறுத்தே அந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்பது அமைகிறது. தேனிரும்பில் தடைகள் குறைவு. காந்தத்தை விலக்கியதும் வரப்புகள் ஏறக்குறையப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தெருமுனை மின்மாற்றியின் உள்ளகம் நொடிக்கு 50 முறை முழுச் சுழற்சியாகத் திசை மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அதற்குச் சிலிக்கான் கலந்த, வரப்பு இலகுவாக நகரும் எஃகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சூடாகி வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி, இந்த வரப்புகள் தடுக்கித் தடுக்கி நகர்வதால் இழக்கப்படுவதே. குண்டூசியின் கடின எஃகில் தடைகள் மிகுதி. நகர்ந்த வரப்பு அங்கேயே சிக்கிக்கொள்ளும். நிலைக்காந்தம் செய்வதென்பது, ஒரு வகையில், வரப்பைச் சிக்கவைக்கும் கலைதான்.

இரும்பு ஆக்சைடு சேர்ந்த காந்தப் பொருளான ஃபெரைட்டின் தூளை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ குழைத்துச் செய்த காந்தப் பட்டைதான் குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பிடித்து வைக்கிறது. முன்பெல்லாம் அந்தக் கதவுகளுக்குக் கொக்கித் தாழ் இருந்தது. கைவிடப்பட்ட பெட்டிகளுக்குள் விளையாடப் போன குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கும் கதவுதான் வேண்டும் என்று அமெரிக்கா 1956-ல் சட்டம் இயற்றிய பிறகு காந்தப் பட்டை பரவலாயிற்று. மாவு மில்லில் தானியத்தோடு வரும் ஆணியையும் கம்பித் துண்டையும் பிடித்துக்கொள்வதும் நிலைக்காந்தமே. ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் பழைய கூரை மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புது வகை விசிறிகள் வந்திருப்பதும், அவற்றின் சுழலியில் நிலைக்காந்தங்களைப் பதித்திருப்பதால்தான்.

வலிமையில் முதலிடம் நியோடைமியம், இரும்பு, போரான் கலந்த காந்தத்துக்கு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். மின்சார வாகனங்களின் மோட்டார்களில் பெரும்பாலானவை இதை நம்பியே இருக்கின்றன. 2025 ஏப்ரலில் சீனா, நியோடைமியம் இடம்பெறும் அருமண் குடும்பத்துத் தனிமங்கள் சிலவற்றுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் நாட்டு வாகனத் தொழிலும் பதறியது. நியோடைமியம் அடங்கிய மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே இருக்கிறது. மணல் இருந்தும், அதை உயர்தரக் காந்தமாக்கும் தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம். வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், படிகங்கள் திசைக்குத் திசை வேறுபட்ட காந்தப் பண்பு காட்டுவதை 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்துகொண்டு உலகமே மதிக்கும் துல்லியத்தோடு அளந்தார். அந்த மரபு உள்ள நாட்டில், உடனடிப் பலன் கேட்காமல் பொருள் அறிவியலுக்கு இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெருக்கடி வந்த பிறகு அறிவிக்கும் திட்டத்தால் தொழிற்சாலை கட்டலாம். அதற்குள் நின்று வேலை செய்யத் தேர்ந்த ஆய்வாளர்கள் அதே வேகத்தில் உருவாகிவிட மாட்டார்கள்.

காந்தத்தைப் பற்றி எழுதும்போது, வடக்கே தலைவைத்துப் படுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது கூடாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘புவிக்காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை மூளைக்கு இழுத்துவிடும்’ என்று அதற்கு அறிவியல் சாயம் பூசுவதுதான் வருத்தம் தருகிறது. இரத்தத்தின் இரும்பு, ஹீமோகுளோபினுக்குள் ஒவ்வோர் அணுவாகத் தனித்தனியே இருக்கிறது. கைகோக்கப் பக்கத்து இரும்பணு இல்லாததால் அங்கே திட்டும் இல்லை, வரப்பும் இல்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல விலக்கவே செய்கிறது என்று 1936-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் புவிக்காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுப்பவர் 1.5 டெஸ்லா புலத்தில், அதாவது அதைப்போல் 37,000 மடங்குக்கும் மேற்பட்ட புலத்தில், அரைமணி நேரம் கிடந்துவிட்டு எழுந்து நடந்து போகிறார். இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று சொல்லி முதியவர்களிடம் பெரும் விலைக்குக் காந்த மெத்தைகளையும் வளையல்களையும் விற்பவர்கள் இந்த அறியாமையையே முதலாக வைத்துப் பிழைக்கிறார்கள்.

இனி வாசகியின் ஊசிகள். அவருடைய காந்தத்தின் வரப்புகள் தத்தம் இடத்தில் இறுகிக் கிடப்பதால் அதற்கு இழப்பு ஏதுமில்லை. ஊசியின் வரப்புகளை நகர்த்தத் தேவைப்பட்ட ஆற்றலை, ஒட்டிய ஊசியை ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்துப் பிரித்த அவருடைய விரல்கள் செலுத்தியிருக்கின்றன. ஒட்டாத ஊசிகள் வேண்டுமானால், தணலில் சிவக்கக் காய்ச்சினால் காந்தம் போய்விடும், ஆனால் எஃகின் விறைப்பும் போய் ஊசி வளையும். சிமென்ட் தரையில் பலமுறை போட்டால் அதிர்ச்சியில் சில வரப்புகள் விடுபட்டு ஓரளவு குறையும். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் காந்தம் நீக்கும் சிறு கருவி இருக்கும். மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள்தான் அது. ஊசிகளை அதன் நடுவே பிடித்து, மின்னோட்டம் பாயும்போதே மெல்ல வெளியே எடுத்தால், வரப்புகள் முன்னும் பின்னுமாக ஆடி, ஆட்டம் குறையக் குறைய, ஒன்றையொன்று ஈடுகட்டும் இடங்களில் வந்து நின்றுவிடும். கருவியை அணைத்த பிறகு எடுத்தால் பயனில்லை. ஒரு முழ தூரம் வரும்வரை மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும்.