சீர்திருத்தம் என்று யார் சொன்னது?

"பிரிட்டன் சுகாதார சீர்திருத்தத்துக்கு மருத்துவர்கள் எதிர்ப்பு." செய்தித் தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டையில் இந்த மாதிரி வரியைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, நல்லது நடக்கவிடாமல் குறுக்கே நிற்கும் இந்த டாக்டர்கள் யார் என்பதுதான். வழக்கு என்னவென்று தெரியும் முன்பே தீர்ப்பு வந்தாயிற்று.

சீர்திருத்தம் என்று நாம் எழுதும் ஆங்கில 'ரிஃபார்ம்' லத்தீன் வழி வந்த சொல். மறுபடி வடிவம் கொடுப்பது என்பதுதான் மூலப் பொருள். குறை நீக்கிச் செம்மையாக்குதல் என்ற பொருளும் பிறகு அதில் ஏறிக்கொண்டது. நம் சொல்லில் அது பிறவியிலேயே உண்டு. சீர் என்றால் ஒழுங்கு, அழகு, செம்மை. திருத்தம் என்றால் முன்னால் பிழை இருந்தது என்று பொருள். விடைத்தாளைத் திருத்துகிறோம், காட்டைத் திருத்தி வயலாக்குகிறோம். ஆக, சீர்திருத்தம் என்று வாயெடுத்ததுமே பழையது கோணல், புதியது நேர் என்று ஒத்துக்கொண்டு விடுகிறோம். அகராதிப்படி குற்றமில்லை. செய்தி எழுதுகிறவர் தம் சொந்தக் குரலில் அதைச் சொல்வதுதான் குற்றம்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் கொஞ்சம் உரிமை அதிகம். சாதிக் கொடுமையை எதிர்த்து அய்யா வைகுண்டர் செய்தது சீர்திருத்தம். பெண்கள் மேலுடம்பை மறைத்துத் தோள்சீலை போடுவதற்கு அடிபட்டு உதைபட்டு 1859இல் திருவிதாங்கூர் அரசிடமிருந்து அறிவிப்பு வாங்கினார்களே, அது சீர்திருத்தம். 1936இல் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது, நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் சொத்துரிமை மருமக்கள்வழி போய் மக்கள்வழி வந்தது, இவையும் அப்படித்தான். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்குக் கொண்டுவந்த புராட்டஸ்டன்ட் சபைக்கே சீர்திருத்தச் சபை என்றுதானே பெயர். அதே சொல்லை லண்டனில் ஓர் அமைச்சர் நிர்வாகக் குழுக்களைக் கலைத்துப் போடுவதற்கும் சூட்டினால் எப்படி?

பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான 'நேஷனல் ஹெல்த் சர்வீஸ்' (என்.எச்.எஸ்.) தொடங்கியது 1948 ஜூலை 5. அனைரின் பெவன் அப்போது சுகாதார அமைச்சர். வரிப்பணத்தில் நடக்கும், நோயாளி சிகிச்சை பெறும் இடத்தில் காசு கொடுக்க வேண்டாம் என்பது அடிப்படை. பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வருகிறது என்று 1951இல் பெவனே பதவியை விட்டுப் போனார். பிறகு வந்த ஆட்சிகள் ஒவ்வொன்றும் அதில் கை வைத்தன. 1990 சட்டம் உள்ளுக்குள்ளேயே ஒரு சந்தையை உண்டாக்கியது. பெரிய ரகளை 2012 சட்டத்துக்கு. உள்ளூர்ப் பகுதிகளுக்கு நிதி ஒதுக்கிவந்த அமைப்புகளைக் கலைத்து, குடும்ப மருத்துவர்கள் தலைமையிலான குழுக்களிடம் பணப்பொறுப்பைக் கொடுப்பது, தனியார் போட்டிக்கு இன்னும் இடம் விடுவது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு தாங்காமல் 2011 ஏப்ரலில் அரசு கொஞ்சம் நிறுத்தி, "கேட்டறிகிறோம்" என்றது. மறு ஆண்டு மார்ச்சில் சட்டமாக்கிவிட்டது. அந்தக் குழுக்களும் 2022இல் போய், வேறு வாரியங்கள் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, பிரிட்டன்காரர்களே சொல்லுக்காக அடித்துக்கொண்டார்கள் என்பது. ஆட்சியமைத்த கட்சிகள் 2010 மே மாதக் கூட்டணி உடன்படிக்கையில், மேலிருந்து திணிக்கும் 'ரீஆர்கனைசேஷன்' (அமைப்பைக் கலைத்து மறுபடி அடுக்குவது) இனி இல்லை என்று எழுதியிருந்தன. இரண்டே மாதத்தில் புதிய திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அதே 'ரீஆர்கனைசேஷன்'தானே இது என்று கேட்டார்கள். இல்லை, இது 'ரிஃபார்ம்' என்றது அரசு. சண்டையின் பாதி இதுதான்.

இப்போது தனித்தமிழ் ஆர்வலர் சிலர் சீர்திருத்தத்துக்குப் பதிலாக 'மறுசீரமைப்பு' போடச் சொல்கிறார்கள். நடுநிலையான சொல்லாம். முதலாவது, அதற்குள்ளும் சீர் உட்கார்ந்திருக்கிறது. வாசல் வழியாகத் துரத்தியதைச் சன்னல் வழியாக உள்ளே விட்ட கதை. இரண்டாவது, சீரமைப்பு என்றால் எங்கள் பக்கம் சாலையில் குழி அடைப்பது. மறுசீரமைப்பு என்றால் அடைத்த குழி மழையில் போய், திரும்ப அடைப்பது. இது கேலி, விட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். மறுசீரமைப்பு ஏற்கெனவே வேறொன்றுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த சொல். 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற எங்கள் நான்கு தாலுகாக்களும் அந்த நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேராமல் கேரளத்தில் நின்றன. எல்லைக் கோட்டை அழித்து வேறு இடத்தில் போடுவது, எது எதன் கீழ் என்று மாற்றுவது. அதுதான் 'ரீஆர்கனைசேஷன்'. அந்தச் சொல்லையே 'ரிஃபார்ம்'க்கும் வைத்தால், 2010இல் நடந்த சண்டையைத் தமிழில் எப்படி எழுதுவது? "இது மறுசீரமைப்பு என்றனர், இல்லை, மறுசீரமைப்பு என்றது அரசு" என்றா?

என் கணக்கு எளிது. அமைச்சர் பேசினால் அவர் வாயில் சீர்திருத்தம் இருக்கட்டும், மேற்கோள் குறியோடு. எதிராளி பேசினால் மறுசீரமைப்பு என்றோ தனியார்மயம் என்றோ அவர் சொன்னபடி. செய்தியாளர் தானாகப் பேசும்போது மாற்றியமைப்பு. மூல லத்தீனுக்கும் அதுதான் பக்கத்தில் நிற்கிறது, வடிவம் மாறுகிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அங்கே நர்ஸாக இருக்கும் என் மருமகள் போனில் சொன்னாள்: "மாமா, வார்டுல யாரும் ரிஃபார்முன்னு சொல்லமாட்டாவ. திரும்பவும் மாத்துகானுவன்னுதான் சொல்லுவாவ." மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தொட்டதால் இன்னொன்று. என்.எச்.எஸ். என்பதைத் 'தேசிய சுகாதார சேவை' என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. சுகாதாரம் என்றால் ஊரில் கொசு மருந்தும் சாக்கடையும்தான் நினைவு வரும். சேவை என்றால் தர்மாஸ்பத்திரி வாடை; வரி கட்டியவன் உரிமையாகப் பெறுவது தர்மம் ஆகாது. நம் அரசுப் பலகையிலேயே இணை இயக்குநர், நலப்பணிகள் என்று அழகாக எழுதியிருக்கிறது. ஆனால் நாட்டு நலப்பணி என்று போட்டால் கல்லூரிப் பிள்ளைகள் முகாம் போட்டுப் புல் செதுக்குவது என்று நினைப்பார்கள். தேசிய மருத்துவப் பணி என்றால் வம்பில்லை. அங்கே ஆஸ்பத்திரிகளை நடத்தும் 'டிரஸ்ட்' என்பதை அறக்கட்டளை என்று எழுதுகிறார்களே, அதைப் படித்தால் யாரோ செட்டியார் எழுதிவைத்த சொத்து என்று தோன்றும். அது அரசு அமைப்பு, அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் பிரதமர் ஸ்டார்மர், என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற நிர்வாக அமைப்பைக் கலைத்து அதன் பொறுப்பை அமைச்சகத்துக்கே கொண்டுவருவதாக அறிவித்தார். கலைவது மேலே உள்ள அலுவலகம். ஆஸ்பத்திரிகள் அப்படியே இருக்கும். இதைத் தமிழில் 'என்.எச்.எஸ். கலைப்பு' என்று சுருக்கினால், பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பிய தாய் தகப்பன் அன்று ராத்திரி தூங்கமாட்டார்கள்.