விசிறியைத் திருப்பிப் பாருங்கள்

"கணினியின் பிராசசருக்கு அதிகச் சுற்று சுற்றும் விசிறியாகப் பார்த்து வாங்கினேன். சூடு குறைந்தது, இரைச்சல் தாங்க முடியவில்லை" என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அதிகச் சுற்றுதான் தொல்லையே.

பிராசசரின் வெப்பம் செம்புக் குழாய்கள் வழியே அலுமினியத் தகடுகளுக்கு ஏறுகிறது; அங்கிருந்து காற்று வாரிச் செல்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பாகும். ஆனால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் கூடும், மின்செலவு எட்டு மடங்காகும். விட்டத்தைக் கூட்டுவதுதான் லாபம். ஒரே வடிவமைப்பில் காற்றளவு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், 80 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்றில் தள்ளும் காற்றை 120 மி.மீ. விசிறி 900 சுற்றுக்குள்ளேயே தள்ளிவிடும். அழுத்தம் மட்டும் குறையும். தகடுகள் நெருக்கமாக இருந்தால் நிலையழுத்தம் (தடையை மீறிக் காற்றைத் தள்ளும் திறன்) அதிகமுள்ள விசிறியாக வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் விசிறியின் பின்புறத்தில் இருக்கிறது. மோட்டாரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆரக்கால்கள் பெரும்பாலும் நான்கு. சுழலும் ஒவ்வோர் இறக்கையும் தனக்குப் பின்னால் கலங்கிய காற்றை இழுத்து வருகிறது. அது ஆரக்காலில் மோதும்போதெல்லாம் ஒரு சிறு அழுத்தத் துடிப்பு பிறக்கிறது. எட்டு இறக்கைகள் இருந்தால், நான்கு இறக்கைகள் நான்கு ஆரக்கால்களை ஒரே கணத்தில் கடக்கும். நான்கு துடிப்புகளும் ஒன்றுகூடி வெளியேறும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் நொடிக்கு 200 முறை இப்படி நடக்கும். அதுதான் காதைக் குடையும் அந்த "ஙொய்" ஒலி. ஏழு இறக்கைகள் என்றாலோ, எந்தக் கணத்திலும் ஓர் இறக்கைதான் ஓர் ஆரக்காலுக்கு நேராக வரும். ஒரு சுற்றில் 28 மோதல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது எதிர்ப்பக்கம் இறங்குவதால் அந்த ஒலியின் பெரும்பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மோட்டாரும் அதே, காற்றும் அதே. எண்ணிக்கை மட்டுமே மாறியிருக்கிறது. எவ்வளவு அழகான தீர்வு!

இறக்கைக்கும் ஆரக்காலுக்கும் இடையிலான இந்தக் கணக்கை 1962-இல் டைலர், சோஃப்ரின் என்ற இரு பொறியாளர்கள் ஜெட் என்ஜின்களில் காற்றை அழுத்தும் அமுக்கிகளுக்காக விரித்து எழுதினார்கள். விமான இரைச்சலுக்காகச் செய்த ஆய்வு இன்று மேசைக் கணினிக்கும் உதவுகிறது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பது பெருந்தவறு என்றே நான் நினைக்கிறேன்.

வாசகருக்கு என் யோசனை: 120 அல்லது 140 மி.மீ. அளவு, திரவத் தாங்கி (சுழலும் தண்டை எண்ணெய்ப் படலம் தாங்கும் வகை), நான்கு முள் இணைப்பு. நான்காவது முள்ளின் வழியே வரும் வேகக் கட்டுப்பாட்டுத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டாதது. வண்ண விளக்குகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கடையிலேயே விசிறியைத் திருப்பி இறக்கைகளையும் ஆரக்கால்களையும் எண்ணிப் பாருங்கள். பொருத்திய பிறகு, வெப்பம் சற்று ஏறியதுமே வேகம் தாவாதபடி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரையில்) சில நொடித் தாமதம் வையுங்கள். சீரான ஒலியைவிட ஏறி இறங்கும் ஒலியே அதிகம் உறுத்தும்.