மாடி சோலார் மானியம்: பேனல் வாங்கும் முன் கரண்ட் பில்லில் யார் பெயர் என்று பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா நகையை அடகு வைத்து மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டார். 78,000 ரூபாய் மானியம் வரும், வந்ததும் நகையை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பேனல் ஏறி எட்டு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. மின் இணைப்பு அவருடைய மாமனார் பெயரில் இருக்கிறது, மாமனார் இறந்து பதினோரு வருடம். "பேரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன வெண்டர், அதாவது பேனலை விற்று மாட்டிக்கொடுத்தவர், இப்போது போனையே எடுப்பதில்லை. அந்த அக்காவுக்காக நானும் அலைந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, 2030க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் இருக்கும் என்று 2022இல் இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. வீட்டு மாடிகளையும் அதில் சேர்க்க 2024 பிப்ரவரியில் வந்தது பி.எம். சூர்ய கர் திட்டம். ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், 2026-27 நிதியாண்டு வரை. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். பணம் தருவது மத்திய அரசு. மீட்டர் மாட்டுவது, வந்து பார்ப்பது, சான்று தருவது எல்லாம் தமிழ்நாட்டில் நம் ஈபி. திட்டத்தின் இணையதளத்தில் கேட்டால் ஈபியைப் பாருங்கள் என்று வரும், ஈபியில் கேட்டால் தளத்தைப் பாருங்கள் என்பார்கள்.

முதலில் பெயர். கரண்ட் பில்லில் இருக்கும் பெயர், விண்ணப்பத்தில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இனிஷியல் இடம் மாறினாலும் இழுத்தடிப்பார்கள். அப்பா, மாமனார், வீட்டை விற்றவர் என்று யாருடைய பெயராவது பில்லில் இருந்தால், சோலார் பேச்சை எடுப்பதற்கு முன்பே ஈபியின் செக்‌ஷன் ஆபீஸில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். இறந்தவர் பெயர் என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று கேட்பார்கள், தாலுகா ஆபீஸுக்கும் சேர்த்து நடக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆனாலும் பேனல் ஏறுவதற்கு முன்னால் ஆகட்டும். பேனல் ஏறிய பிறகு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும்.

அடுத்தது பணம். திட்டத்தின் முழுப்பெயரில் இலவச மின்சாரம் என்று வருவதால் பேனலே இலவசம் என்று சொல்லி வீடு வீடாக ஆள் வருகிறார்கள். நீங்களே வாங்குவதாக இருந்தால் முழு விலையையும் நீங்கள்தான் முதலில் கொடுக்க வேண்டும், மானியம் பின்னால் உங்கள் கணக்குக்கு நேராக வரும். "மானியத்தைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க, மானியம் வந்ததும் எங்களுக்கு மாத்திவிடுங்க" என்று சொல்பவரிடம், மானியம் வராவிட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள், எழுதித் தரமாட்டார். பதிவு செய்ய அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள், வாட்ஸாப்பில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். ஓடிபியை வெண்டரிடம் சொல்லி அவர் போனிலேயே எல்லாவற்றையும் முடிக்க விடாதீர்கள். அப்படி விட்டால் உங்கள் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது, அந்த அக்காவுக்கு அதுதான் நடந்தது.

வெண்டர் அந்தத் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பேனலும் உள்ளே இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும், கடையில் டி.சி.ஆர். பேனல் என்று கேளுங்கள். மற்ற பேனல் விலை குறைவு, அதனால் அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், மாட்டினால் மானியம் போச்சு. டி.சி.ஆர். என்ற வார்த்தை, கம்பெனி பெயர், ஐந்து வருடப் பராமரிப்பு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். சோலாருக்கு முன்பே ஒருமுறை அரசு மானியம் வாங்கிய வீட்டுக்கு மறுபடி கிடைக்காது.

இதைச் சொல்லாமல் விற்பவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு: கரண்ட் கட் ஆனால் இந்த சோலாரும் நின்றுவிடும். மொட்டை வெயில் அடித்தாலும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் கரண்ட் கட்டுக்குப் பயந்து இதை வாங்கியவர்கள் எத்தனை பேர்! அதற்குப் பேட்டரி வேண்டும், அந்தச் செலவு தனி.

எல்லா வீட்டுக்கும் இது லாபமும் இல்லை. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் போல. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். உங்கள் ரீடிங் 200ஐத் தாண்டுவதில்லை என்றால் கடன் வாங்கி இதைப் போடாதீர்கள். 500ஐத் தாண்டி, மேல்படி விலையில் பணம் கட்டும் வீட்டுக்குத்தான் நல்ல பலன். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தென்னைமர நிழலும் தண்ணீர் டேங்க் நிழலும் மதியம் எங்கே விழுகின்றன என்று ஒருநாள் மாடியில் நின்று பாருங்கள்.

சரி, பேனல் ஏறிவிட்டது. இனி இருவழி மீட்டர், அதாவது ஈபியிலிருந்து வரும் யூனிட்டையும் உங்கள் பேனலிலிருந்து மிச்சமாகி ஈபிக்குப் போகும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர், வர வேண்டும், பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் ஸ்டாக் இல்லை, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஃபீல்டில் இருக்கிறார், திங்கட்கிழமை வாங்க என்பார்கள். பேனல் மாடியில் சும்மா காயும், கடன் தவணை மட்டும் ஓடும். பொறுக்க முடியாமல் பழைய மீட்டரிலேயே சோலாரை ஆன் செய்துவிடாதீர்கள். பல டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும், பில் ஏறும். மீட்டர் மாட்டி, ஈபி வந்து பார்த்து, தளத்தில் சான்று ஏற்றிய பிறகுதான் மானியம் கேட்கவே முடியும். அப்போது வங்கி விவரத்தை நீங்களே உட்கார்ந்து ஏற்றுங்கள். அதிலிருந்து 30 நாளில் பணம் வர வேண்டும் என்பதுதான் அரசே சொல்லும் கணக்கு.

செக்‌ஷன் ஆபீஸுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டு ஒரு பக்கம் மனு எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. சீல் போட மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு, செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மானியம் தொடர்பான புகாரைத் தளத்திலும் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஒவ்வொரு மின் வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, வக்கீல் வேண்டாம், நீங்களே மனு கொடுக்கலாம். அங்கேயும் சரியாகாவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அந்த அக்காவுக்கு வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, பெயர் மாற்ற மனுவைப் போன வாரம் கொடுத்து சீல் வாங்கி வந்திருக்கிறோம்.