வெயில் படாத கொழுந்து

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மட்சா ஐஸ்கிரீம் சாப்பிட்டால் லேசான கசப்புக்குப் பிறகு நாக்கில் ஏதோ ஒரு ருசி வெகுநேரம் தங்குகிறது. வீட்டில் கிரீன் டீ போட்டால் வெறும் கசப்பும் துவர்ப்பும்தான் வருகின்றன. இரண்டும் ஒரே செடி என்கிறார்களே, பிறகு ஏன் இந்த வேறுபாடு?"

ஒரே செடிதான். நீலகிரியில் கறுப்புத் தேநீருக்காகப் பறிக்கும் கொழுந்தும், ஜப்பானின் கியோட்டோவை அடுத்த ஊஜியில் மட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடிக்காகப் பறிக்கும் கொழுந்தும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. நீலகிரியில் கொழுந்தை வாடவிட்டு உருட்டி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய விடுகிறார்கள். ஜப்பானில் பறித்த கையோடு நீராவியில் அவித்து, அந்த வினையை நடத்தும் நொதியை முடக்கிவிடுகிறார்கள். அதனால் இலை பச்சையாகவே நிற்கிறது. ஆனால் வாசகி கேட்கும் ருசி, இலை ஆலைக்கு வருவதற்கு முன்பே, செடியில் இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

அந்த ருசிக்குப் பெயர் உமாமி. கடற்பாசிச் சாற்றில் அதற்குக் காரணமானது குளுட்டமிக் அமிலத்தின் உப்பான குளுட்டமேட் என்று 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேதா கண்டறிந்தார். பழுத்த தக்காளியிலும் காளானிலும் நாம் சுவைப்பது இதையே. தேயிலையில் இந்தப் பொறுப்பைப் பெரிதும் ஏற்பது குளுட்டமேட்டின் நெருங்கிய உறவான தியனைன் என்னும் அமினோ அமிலம். இது 1949-இல் ஜப்பானின் உயர்ரகத் தேயிலையான கியோகுரோவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

தியனைன் இலையில் பிறப்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அது பெரும்பாலும் வேரில் உருவாகிறது. மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரஜனைக் கொண்டு, குளுட்டமிக் அமிலத்தையும் எத்திலமைன் என்னும் சிறு மூலக்கூறையும் வேர் இணைக்கிறது; அப்படி உருவான தியனைன் நீரோடு தண்டின் வழியே ஏறித் தளிரைச் சேர்கிறது. அங்கே வெயில் பட்டால் அது மறுபடியும் இரண்டாக உடைகிறது. விடுபட்ட எத்திலமைனின் கார்பன் அணுக்கள், துவர்ப்பைத் தரும் கேட்டகின்களின் கட்டுமானத்துக்குள் போய்ச் சேர்கின்றன. கதிரியக்கக் கார்பனை அடையாளமாக ஏற்றி, அணுக்களின் பயணத்தைப் பின்தொடர்ந்து, 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். வேர் அனுப்பிய உமாமியை வெயில் துவர்ப்பாக மாற்றுகிறது என்றே சொல்லிவிடலாம். அப்படியானால் வெயிலை மறைத்துவிட்டால்?

ஊஜி விவசாயிகள் வேதியியல் அறியாத காலத்திலேயே இதைச் செய்துவிட்டார்கள். பறிப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பிருந்து, தோட்டத்தின் மேல் நாணல் தட்டிகளைப் பந்தலாக விரித்து, அதன் மேல் வைக்கோலைப் பரப்பி, ஒளியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். உறைபனியிலிருந்து தளிரைக் காக்கத்தான் இந்தப் பந்தல் முதலில் வந்தது என்று கருதப்படுகிறது. இன்று பல தோட்டங்களில் கறுப்பு வலை அந்த வேலையைச் செய்கிறது. நிழலில் தியனைன் உடையாமல் சேர்கிறது, கேட்டகின் குறைகிறது. கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ள இலை மெலிந்து விரிந்து, பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. மட்சாவின் அடர்பச்சை நிறம் அப்படி வந்ததே.

இதில் பருவத்துக்கும் பங்குண்டு. குளிர்காலம் முழுவதும் செடி சேர்த்து வைத்த நைட்ரஜன் வசந்தத்தின் முதல் கொழுந்துக்குப் போகிறது. வெயில் ஏறிய பிறகு வரும் இரண்டாம் பறிப்பில் துவர்ப்பு மிகுகிறது. ஜப்பானின் மரபு நாட்காட்டியில் வசந்தம் தொடங்கியதிலிருந்து எண்ணி 88-ஆம் நாள், அதாவது மே 2-ஐ ஒட்டி, புதுத் தேயிலை பறிக்கும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பறித்த தேநீரைக் குடித்தால் நோய் அண்டாது என்ற நம்பிக்கையும் கூடவே உண்டு. தேநீர் நல்ல பானம்தான், ஆனால் அந்த நாளின் சிறப்பு இலையின் வேதியியலில் இருக்கிறது, எண்ணில் இல்லை. இதே நம்பிக்கை இன்று 'மட்சா எடையைக் கரைக்கும்' என்று புது உடை போட்டு வருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

துவர்ப்பின் பக்கத்தை நமக்கு விளக்கியவர் ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ சுஜிமுரா. பெண்களை மாணவியராகச் சேர்க்காத ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1920-இல் ஊதியமில்லாத ஆய்வக உதவியாளராக நுழைந்தவர், 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டகினைப் பிரித்தெடுத்து, 1932-இல் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணானார். ஊதியமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்க முடியாததால் ஆய்வையே கைவிட்ட பெண்கள் எத்தனை பேரோ. ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை இன்றும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இனி ஐஸ்கிரீமுக்கு வருவோம். மட்சாவில் இலையே பொடியாக உள்ளே போய்விடுவதால், கேட்டகினும் தியனைனும் முழுமையாக வந்து சேர்கின்றன. பாலிலுள்ள கேசீன் புரதம் கேட்டகினைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்பு தணிந்துவிட, உமாமி முன்னால் வருகிறது. குளிரில் நிறமும் கெடுவதில்லை. அதே பொடியைக் கேக்கில் கலந்து சுட்டால், வெப்பத்தில் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து பழுப்பேறுகிறது.

வீட்டுக் கோப்பையின் கசப்புக்குப் பாதிப் பொறுப்பு கொதிநீருடையது. தியனைன் இளஞ்சூட்டிலேயே எளிதாகக் கரையும். காஃபீனும் மிகத் துவர்க்கும் கேட்டகின்களும் வேகமாக இறங்குவதற்கு நல்ல சூடு வேண்டும். அதனால்தான் ஜப்பானியர்கள் கியோகுரோவுக்கு 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஆறிய நீரையும், வெயிலில் வளர்ந்த செஞ்சா என்னும் பச்சைத் தேயிலைக்கு ஏறத்தாழ 70 பாகை நீரையும் ஊற்றுகிறார்கள். வாசகி கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு ஊற்றிப் பார்க்கட்டும். நிழலில் வளராத இலையில் மட்சாவின் ருசி முழுதாக வராது, ஆனால் இருக்கும் தியனைன் கசப்பில் மூழ்காமல் நாக்குக்கு எட்டும்.